இருசக்கர நல்வாழ்வு மையத்தில் பன்னிரண்டு நாள்

அந்தத் தெருவில் அவரை ரத்தக்காரர் என்றுதான் சொல்வார்கள். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் ஆள் கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். சின்னச் சின்ன கிளினிக்குகளில் நோயாளிகளிடம் எடுக்கும் ரத்தத்தைக் குப்பிகளில் வாங்கி, நீலக் குளிர்பெட்டியில் அடுக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவருடைய வேலை. இரண்டு மணி நேரம் தாண்டினால் ரத்தம் கெட்டுவிடும். நோயாளியை மறுபடி ஊசியால் குத்த வேண்டும்.

பதினேழு வருஷம் அவரிடம் ஒரே மோட்டார் சைக்கிள் இருந்தது. அதற்கு மொத்தமே மூன்று வியாதிகள்தான்: பிளக்கில் கரி, கார்புரேட்டரில் தூசி, செயினில் தொய்வு. மூன்றுக்கும் மருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஸ்பேனர், ஒரு பழைய பனியன் துணி. நான்காவதாகப் பெயர் தெரியாத வியாதி ஏதாவது வந்தால் எஞ்சினுக்குப் பக்கவாட்டில் ஓர் உதை. வண்டி புரிந்துகொள்ளும்.

அந்த வண்டியைத் தையல்கடை வைத்திருக்கும் மச்சினனுக்குத் தள்ளிவிட்டு, ஏழு மாதத்துக்கு முன்பு புது வண்டி வாங்கினார். சாவியைத் திருப்பினால் திரையில் 'வணக்கம், நண்பரே' என்று எழுத்து ஓடும். அவர் மனைவி அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"வண்டி வணக்கமெல்லாம் சொல்லுது. இனிமே வீட்ல நானும் சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க."

ஏழு மாதம் வண்டி வணக்கம் சொன்னது, ஓடியது. பிறகு ஒரு காலை, வணக்கத்துக்குப் பக்கத்தில் ஸ்பேனர் வடிவத்தில் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது. சத்தத்தில் மாற்றமில்லை, புகையில்லை. ஆனால் வண்டி மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக மறுத்தது. ரத்தக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கு முறுக்கு என்று முறுக்கிப் பார்த்தார். ரொட்டிக் கூடையோடு சைக்கிளில் போன ஒரு பெரியவர், அவரைத் தாண்டும்போது அனுதாபத்தோடு மணியடித்துவிட்டுப் போனார்.

அன்று ரத்தம் இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருடைய குப்பியும் இருந்தது. அந்த அம்மாவுக்கு நரம்பு கிடைப்பதே அபூர்வம். மறுபடி நான்கு இடத்தில் குத்தினார்கள். அவர் ரத்தக்காரரைப் பார்த்தார். கையை மட்டும் தூக்கிக் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்தார். திறக்க இடமே இல்லை. இருந்த போல்ட்டுகளின் தலையெல்லாம் நட்சத்திரம் மாதிரி இருந்தன, நடுவில் ஒரு முள் வேறு. அவர் கையிலிருந்த கருவியால் கழற்ற முடிந்தது நம்பர் பிளேட் ஒன்றுதான். கழற்றினார். விளக்கு அணையவில்லை. திரும்ப மாட்டினார். வண்டியோடு கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தைப் புரட்டினார். முதல் தொண்ணூறு பக்கம் எதையெதைத் தொடக்கூடாது என்று சொன்னது. மிச்சப் பக்கங்கள், அதையே வேறு மொழிகளில் சொல்லின.

மறுநாள் வண்டியோடு கம்பெனியின் மையத்துக்குப் போனார். முன்பெல்லாம் இப்படிப்பட்ட இடத்துக்கு ஒர்க்‌ஷாப் என்று பெயர். இப்போது 'இருசக்கர நல்வாழ்வு மையம்' என்று எழுதியிருந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, காப்பி இயந்திரம். தரையில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது. ரத்தக்காரர் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தார்.

டோக்கன் கொடுக்கும் இயந்திரம் 'வருகையின் நோக்கம்' என்று கேட்டு, கீழே நான்கு பொத்தான்களைக் காட்டியது: மகிழ்ச்சி, புதிய வாகனம், பாராட்டு, ஆர்வம். ரிப்பேர் என்று எதுவும் இல்லை. நான்கில் பொய் குறைவாக இருந்த ஆர்வத்தை அழுத்தினார். உடனே சீருடை போட்ட ஒரு பெண் வந்து, அவரை நாற்பது நிமிஷம் மையம் முழுவதும் சுற்றிக் காட்டினாள். காப்பி இயந்திரத்தின் வரலாறும் அதில் அடக்கம். கடைசியில், "உங்க ஆர்வம் தீந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

"தீந்துச்சும்மா. வண்டியில ஒரு விளக்கு எரியுது, அதை அணைக்கணும்."

"அப்போ நீங்க மகிழ்ச்சியை அழுத்தியிருக்கணும் சார். மறுபடி டோக்கன் எடுங்க."

மகிழ்ச்சி டோக்கனில் அவருக்குக் கிடைத்தவர் நல ஆலோசகர். வழுக்கைத் தலை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு தட்டைக் கணினி.

"சொல்லுங்க. வண்டி எப்படி இருக்கு?"

"கெட்டுப் போச்சுங்க."

ஆலோசகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தையை இங்க உபயோகிக்கக் கூடாது சார். எதிர்பாராத அனுபவம்னு சொல்லுங்க."

"சரி, எதிர்பாராத அனுபவம். இருபதுக்கு மேல போகமாட்டேங்குது."

"அது வண்டியோட முடிவு. நாம மதிக்கணும்." வாசலில் நின்ற வண்டியிடம் போய், இருக்கைக்கு அடியில் ஒரு கம்பியைச் சொருகிக் கணினியைப் பார்த்தார். புருவம் ஏறியது. "போன மாசம் பதினாலாம் தேதி, காலைல ஒன்பது எட்டுக்கு ரொம்பக் கடுமையா பிரேக் போட்டிருக்கீங்க. ஏன்?"

"நாய் குறுக்க வந்துச்சு."

"என்ன கலர் நாய்?"

ரத்தக்காரர் நேர்மையான மனிதர். கண்ணை மூடி யோசித்தார். "காப்பி கலர்னு நெனைக்கிறேன். ஒரு காது வெள்ளை."

"காப்பி கலர் இதுல இல்ல. கறுப்பு, வெள்ளை, மற்றவை. மற்றவைன்னு போட்டா நாயோட போட்டோ இணைக்கணும். கறுப்புன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்குங்க. விளக்கு?"

"வண்டியைக் கண்காணிப்புல சேத்துக்கறோம். சாவியைக் கொடுங்க. கம்பெனி உத்தரவு வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, நீங்களும்தான். பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலுலேருந்து அஞ்சு."

அவர் விளையாடுகிறார் என்று ரத்தக்காரர் நினைத்தார். மறுநாள் நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தபோது பெரிய கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஓர் அட்டை தொங்கியது. இந்தப் பக்கம் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அவரவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வெள்ளைக் கையுறை போட்ட மெக்கானிக் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவில் மெதுவாக நடந்தார். நடந்தார், திரும்பினார், நடந்தார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு தாள் வந்தது. வண்டி எந்தத் திசை பார்த்து நிறுத்தப்படுகிறது, குடும்பத்தில் வேறு யாருக்காவது எதிர்பாராத அனுபவம் உண்டா, ஏழு மாதத்தில் வண்டியிடம் கடிந்து பேசியதுண்டா. மூன்றாம் நாள் 'இரண்டாவது பொறுப்பாளர்' கையெழுத்து தேவை என்றார்கள். மனைவி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"எனக்குப் பிரசவம் ஆனப்போ ஆஸ்பத்திரியில ரெண்டு கையெழுத்துதான் கேட்டாங்க. அதுவும் ரெட்டைப் புள்ளைங்க."

"அது மனுஷங்கம்மா" என்றார் ஆலோசகர். "இதுல சாஃப்ட்வேர் இருக்கு."

இதற்கிடையில் ரத்தக்காரர் பஸ்ஸில் ரத்தம் கொண்டுபோனார். குளிர்பெட்டியை மடியில் வைத்திருந்தவரிடம் பக்கத்து சீட்டுக்காரர், "ஐஸ்கிரீமா?" என்று கேட்டார். "ரத்தம்" என்று உண்மையைச் சொன்னார். அதன்பிறகு அந்த சீட் கடைசி நிறுத்தம் வரை காலியாகவே வந்தது. வசதிதான். ஆனால் பஸ் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். நாலாம் நாள் பரிசோதனைக் கூடத்தின் டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார்.

"பதினேழு வருஷமா நீங்க லேட்டா வந்ததே இல்லை. இந்த வாரம் மூணு தடவை. நான் உங்களை ஒண்ணும் சொல்லப் போறதில்லை. ஆனா மறுபடியும் குத்துப்பட்டது அந்த டீச்சரம்மாதான். வாரம் முடியறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை."

ரத்தக்காரர் நேராக மச்சினன் கடைக்குப் போனார். மச்சினன் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன அத்தான், புது வண்டிக்கு உடம்பு சரியில்லையாமே. அக்கா சொன்னா."

"கண்காணிப்புல இருக்குடா. அந்தப் பழைய வண்டியைக் கொஞ்ச நாளைக்குக் கொடேன்."

"எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு அத்தான். அதுல ஏறினா அது வணக்கம் சொல்லாது. மனசு கஷ்டப்படாதீங்க."

பழைய வண்டியில் ரத்தம் நேரத்துக்குப் போனது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேலை அந்த வாரத்துக்குப் பிழைத்தது. ஆனால் மச்சினன் பாவம், துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். இதை எத்தனை நாள் ஓட்ட முடியும்?

எட்டாம் நாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குப் பழைய வண்டியிலேயே மையத்துக்குப் போனார். வாசலைத் தாண்டி உள்முற்றத்துக்குள் நுழைந்ததும் வண்டி ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. குளிரூட்டப்பட்ட அறைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் குனிந்து கம்பி சொருகுவதற்கு ஓட்டை தேடினார். சைலன்ஸரில் ஒன்று இருந்தது, அளவு பொருந்தவில்லை.

"இதோட திரை எங்க சார்?" என்று கேட்டார் நல ஆலோசகர்.

"இதுக்குத் திரை இல்லீங்க."

"அப்போ இதுக்கு என்ன பிரச்சனைன்னு அது எப்படிச் சொல்லும்?"

"அது சொல்லாது. நாமதான் பாக்கணும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ரத்தக்காரர் அதைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து பிளக்கைக் கழற்றினார். கரி. பனியன் துணியால் துடைத்து, வாயால் ஊதி, மாட்டி, ஓர் உதை உதைத்தார். வண்டி படபடவென்று கிளம்பியது. மொத்தம் ஆறு நிமிஷம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெள்ளைக் கையுறைக்காரர், யாரும் பார்க்காதபோது, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். காத்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் எங்கேயோ ஒரு மணி அடித்தது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு விசாரணை என்று தகவல் வந்தது. குற்றம்: 'மைய வளாகத்துக்குள் பழுது பார்த்தல்.'

மேலாளருடைய அறையில் மேஜை, அதன்மேல் ஏழு விருதுக் கோப்பைகள், பின்னால் மேலாளர். கழுத்து டையை ஒருமுறை தடவிவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். கோபமே இல்லை. வருத்தம்தான்.

"சார், இந்தக் கோப்பையெல்லாம் பாருங்க. போன வருஷம் நாலாயிரம் வண்டி இங்க வந்துச்சு. ஒரு வண்டியைக்கூட நாங்க ரிப்பேர் பண்ணல. ஒண்ணைக்கூட! எங்களை மாதிரி இருக்கற மையத்துக்கெல்லாம் நாங்கதான் வழிகாட்டி. ரிப்பேர் பண்ணினா என்ன அர்த்தம்? ரிப்பேர் இருந்துச்சுன்னு அர்த்தம். எங்க வண்டியில ரிப்பேர் இருக்குன்னு நாங்களே சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுங்க."

"அங்கதான் நீங்க தப்புப் பண்ணிட்டீங்க. ஆறு நிமிஷத்துல ஒரு வண்டியைச் சரி பண்ணிட்டீங்க. அதை முப்பது குடும்பம் கண்ணாடி வழியாப் பாத்திருக்கு. இன்னைக்குக் காலைல ஒரு அம்மா வந்து, என் வண்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கன்னு சொல்றாங்க. திறந்து! எங்க ஆளுங்க எப்படி ஆடிப் போயிட்டாங்க தெரியுமா? பன்னெண்டு பேர் வேலை செய்யற இடம் சார் இது. எல்லாரும் படிச்சவங்க. யாரும் இதுவரைக்கும் ஒரு போல்ட்டைத் தொட்டதில்ல. அந்தச் சுத்தத்தைக் காப்பாத்தத்தான் நான் உக்காந்திருக்கேன்."

ரத்தக்காரருக்கு உண்மையிலேயே சங்கடமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டார். மேலாளர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, தண்டனையை 'உரிமையாளர் பண்புப் பயிற்சி'யாகக் குறைத்தார். அரை மணி நேர வகுப்பு, முடிவில் தேர்வு. முதல் கேள்வி: வண்டியில் சத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? அ) எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆ) மையத்துக்குத் தெரிவித்துவிட்டு, பதில் வரும்வரை காதை மூடிக்கொள்ள வேண்டும். ரத்தக்காரர் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை ஐம்பத்தொரு மதிப்பெண் வாங்கித் தேறினார். மனைவி சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல பாஸ் பண்ணிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

இனிமேல் 'திரையற்ற வாகனங்கள்' வளாகத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அதனால் பத்தாம் நாள் காலை, அன்றைய தாளில் கையெழுத்துப் போட வந்தபோது, வண்டியை மையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நிறுத்தப் போனார். அது குப்பைத் தொட்டிகளும் பழைய அட்டைப் பெட்டிகளும் கிடக்கும் சந்து. உள்ளே திரும்பியவர் பிரேக் போட்டார்.

சுவரோரம் பதினோரு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. எல்லாம் பழசு. எல்லாவற்றிலும் கிக்கர், எல்லாவற்றிலும் கார்புரேட்டர். ஒன்றின் கைப்பிடியில் கழுத்து அட்டை மாட்டியிருந்தது. நல ஆலோசகருடைய வழுக்கைத் தலை அதில் சிரித்தது. இன்னொன்றின் சீட்டில் வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி காய்ந்தது. பன்னிரண்டாவது வண்டியை ஒருவர் உதைத்துக்கொண்டிருந்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டிருந்தார். உதைத்தார், மூச்சு வாங்கினார், உதைத்தார். பிறகு திரும்பி ரத்தக்காரரைப் பார்த்தார்.



"எட்டரைக்கு ஒரு தடவை வெளியில போயிட்டு வரலாம்னு பாத்தேன்" என்றார் மேலாளர். "ஸ்டார்ட் ஆகல."

"நம்ம கம்பெனி வண்டி ஓட்டறதில்லையா சார்?"

"வேலைக்கு நேரத்துக்கு வரணும் இல்லையா?"

ரத்தக்காரர் குனிந்தார். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினார். அடைத்துக்கொண்டிருந்த துரும்பு ஒன்று வெளியே வந்து விழுந்தது. மேலாளரையே உதைக்கச் சொன்னார். ஒரே உதையில் கிளம்பியது. மேலாளர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். அந்த முகத்தைக் கோப்பைகள் இருக்கும் அந்த அறையில் ஒருபோதும் பார்க்க முடியாது.

"உங்களுக்கு ஏதாவது செய்யணுமே" என்றார்.

"விளக்கை அணைச்சுக் கொடுங்க சார். மச்சினன் நடந்து நடந்து கால் வீங்கிக் கிடக்கான்."

மேலாளர் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். எஞ்சினை அணைக்காமலே கிட்ட வந்து பேசினார்.

"அதை அணைக்க எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கம்பெனியில கேட்டோம், கேள்விக்கு டோக்கன் கொடுத்திருக்காங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சோம். பன்னெண்டு நாள் வண்டியை யாரும் தொடாம இருந்தா அந்த விளக்கு அதுவா அணைஞ்சிடும்."

"அதுவாவா?"

"அதுவா. சாவிகூடப் போடக்கூடாது. பன்னெண்டு நாள் வண்டியைத் தொடாதீங்கன்னு சொன்னா எந்த மனுஷன் கேப்பான், சொல்லுங்க? நாலாம் நாளே ஸ்டார்ட் பண்ணிப் பாப்பான். மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். அதனாலதான் சாவியை வாங்கி வச்சுக்கறோம். ஒரு நாளைக்கு ஒரு ஃபாரம். கண்ணாடிச் சுவர் ஒண்ணு, பாத்துட்டு இருக்கறதுக்கு."

"நாய் கலர்?"

"அது ரெண்டாம் நாளைத் தள்ளறதுக்குக் கேக்கறது. உங்ககிட்ட முதல் நாளே கேட்டுட்டாரா? அவசரக் குடுக்கை."

ரத்தக்காரருக்குக் கோபம் வரவேண்டும். வரத்தான் பார்த்தது. ஆனால் டை தோளில் கிடக்க, கையெல்லாம் அழுக்கோடு நிற்கிற மனிதரைப் பார்த்ததும் அது சிரிப்பாக மாறிவிட்டது. பனியன் துணியை நீட்டினார். மேலாளர் கையைத் துடைத்துக்கொண்டு, எஞ்சினை அணைத்து, டையை முன்னால் இழுத்துவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே போனார்.

பத்து நிமிஷம் கழித்து ரத்தக்காரர் முன்கதவு வழியாகப் போனபோது மேலாளர் கூடத்தில் நின்றிருந்தார். "வாங்க சார், வணக்கம். முதல் தடவையா வர்றீங்களா?" என்றார். ரத்தக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு, அன்றைய தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் விளக்கு அணைந்தது.

வண்டியை ஒப்படைப்பதற்கென்று அங்கே ஒரு மேடை உண்டு. சிவப்பு ரிப்பன் கட்டி வண்டியை ஏற்றி வைத்திருந்தார்கள். மனைவியும் மச்சினனும் முதல் வரிசையில். மச்சினன் பழைய வண்டியின் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான், யாராவது மறுபடி கேட்டுவிடுவார்களோ என்கிற மாதிரி. பின்னால் இன்னும் முப்பது சொந்தக்காரர்கள். மேலாளர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"பன்னெண்டு நாள். எங்க நிபுணர்கள் கண் இமைக்காம உழைச்சிருக்காங்க. இந்த வண்டி இப்போ புது வாழ்வு பெற்றிருக்கு. இதைச் சாதிச்சது எங்க தொழில்நுட்பம் மட்டும் இல்ல, வாடிக்கையாளரோட ஒத்துழைப்பு. அவரே ரெண்டு வார்த்தை பேசுவார்."

இதை ரத்தக்காரர் எதிர்பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைக் கையில் திணித்துவிட்டார்கள். அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தரையைப் பார்த்தார். வெள்ளைக் கையுறைக்காரர் கூரையைப் பார்த்தார்.  காப்பி இயந்திரம் மட்டும் கொஞ்சம் முனகியது. ரத்தக்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நன்றி கெட்டவரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றார். "பன்னெண்டு நாள்ல, ஒருத்தர்கூட என் வண்டி மேல கை வைக்கல."

கூடம் அதிரக் கைதட்டல் எழுந்தது. மேலாளர் சற்றுத் தாமதமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் மற்றவர்கள் எல்லாம் நிறுத்திய பிறகும் அவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார்.